மேற்கு வேலியின் பசி

குராபில்லா கால்நடைக் கண்காட்சியில் மாட்டுக்கு இரண்டு தீர்ப்புகள். நான்கு கால்களில் நிற்கும்போது ஒன்று. தோலை உரித்துக் கொக்கியில் தொங்கவிட்ட பிறகு இன்னொன்று. முதல் தீர்ப்பு கண்ணுக்கு, இரண்டாவது உண்மைக்கு. மனிதர்களுக்கும் இப்படியொரு ஏற்பாடு இருந்திருந்தால், எங்கள் மாவட்டத்துப் பூங்காக்களில் நிற்கும் சிலைகளில் பாதி எழுந்தே இருக்காது.

அந்தக் கண்காட்சியில் ஒலிபெருக்கி பிடிப்பவன் நான். இளமையில் இறைச்சிக்கூடத்தில் கத்தி பிடித்தவன்; இப்போதும் பண்ணை வீடுகளில் சொந்தச் சமையலுக்கு மாடு அறுக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆகவே அந்த ஆண்டு கிளாரி மண்டேயின் எருதுகளுக்குக் கிடைத்த இரண்டு தீர்ப்புகளையும் என் வாயாலேயே சொல்ல நேர்ந்தது.

முதல் தீர்ப்பு நாளன்று வானம் கழுவித் துடைத்த தட்டுபோல் இருந்தது. கிளாரியின் மகள் மெரின், மூன்று சிவப்பு எருதுகளை ஒன்றன்பின் ஒன்றாக வளையத்துக்குள் நடத்தி வந்தாள். அவள் கர்ப்பிணி; நிறைமாதத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் அவள் மேல்சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் போட முடியாமல் திறந்து கிடந்தன. கணவன் ஓவன் சாலை போடும் இயந்திரத்தோடு தெற்கே போயிருந்தான். எருதுகள் ஒவ்வொன்றும் மழை குடித்து வளர்ந்த செம்மண் மேடு.

"என்ன கிளாரி, மாடு வளர்த்திருக்கியா, மேசை செஞ்சிருக்கியா? முதுகுல நாலு பேரு உக்காந்து சீட்டாடலாம் போல இருக்கே!" என்று வேலிமேல் சாய்ந்திருந்த பெர்சி டோலன் கத்தினான். மண்டே பண்ணைக்கும் டோலன் பண்ணைக்கும் நடுவே ஒரே ஒரு கம்பிவேலிதான்.

"நாலு பேருல உன்னைச் சேர்க்க மாட்டேன் பெர்சி. நீ சீட்டை ஒளிச்சு வச்சுக்குவ."

சிரிப்பு. நீல நாடா கிளாரிக்கு. நான் ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொன்னபோது தொப்பியைக் கழற்றி மகளைப் பார்த்து ஆட்டினான். மூன்று ஆண்டுகளில் அந்த மனிதன் முகத்தில் நான் பார்த்த முதல் வெளிச்சம் அது.

இரண்டாம் தீர்ப்பு அந்த வாரக் கடைசியில், ஊர்க் கசாப்புக் கடையின் குளிர் அறையில். ஊசியாய்க் குத்தும் குளிரில் உடல்கள் வரிசையாகத் தொங்கின. விலா எலும்புகளுக்கு நடுவே குறுக்கே அறுத்து, சதையின் முகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த முகத்தில்தான் பார்க்க வேண்டும்: சிவந்த சதைக்குள் மெல்லிய வெள்ளை இழைகளாகக் கொழுப்பு ஓடியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதைப் பளிங்கு என்போம். பளிங்கு ஓடிய சதை நெருப்பில் தன்னைத்தானே நனைத்துக்கொள்ளும். வாயில் வைத்தால் கரையும். ஓடாத சதை, சேணத்தோல்.

கிளாரியின் மூன்று உடல்களிலும் ஓர் இழை இல்லை. முதுகின்மேல் கொழுப்பு இருந்தது, கட்டைவிரல் கனத்துக்கு. உள்ளே, சுட்ட செங்கல்போல் வெறும் சிவப்பு. வெளியே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே பட்டினி கிடந்த உடல்கள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுங்க பஞ்சத்துல அடிபட்ட மாடுங்களா?"

"பஞ்சமா?" கிளாரியின் குரல் உயர்ந்தது. "கண்ணைத் தொறந்த நாள்லேருந்து இடுப்பளவு புல்லுல நின்னதுங்க. ஒரு வேளை பசின்னு ஒண்ணு கத்தினது கிடையாது."

"அப்படித் தெரியலையே" என்றார் நடுவர்.

கடைசி இடம். ஊர் மண்டபத்தில் அதையும் நானே படித்தேன். பெர்சி டோலனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? "பிஷப்போட புள்ளைங்க ஆச்சே! பரம்பரை விரதம்ப்பா, பரம்பரை விரதம்!" என்றான். மண்டபமே குலுங்கிச் சிரித்தது. கிளாரி எழுந்து வெளியே போனான். மெரின் எழவில்லை. கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிஷப் என்பது மண்டே பண்ணையின் பொலிகாளை. கிளாரியின் மனைவி நோலாவும் மெரினும் கடற்கரைப் பக்கத்து ஏலத்துக்குப் போய், நாள் முழுக்க வெயிலில் நின்று தேர்ந்தெடுத்து வந்த காளை. பண்ணையின் இளங்கிடாரிகள் எல்லாம் அதன் மகள்கள். மெரின் வளர்த்த மந்தை என்றால் அதுதான். அவளுக்கும் பிறக்கப்போகும் அவள் பிள்ளைக்கும் அந்தச் செம்மண்ணில் காலூன்ற வேறு எதுவும் இல்லை.

மறுநாள் காலை கிளாரி சொல்லிவிட்டான்: "விதை கெட்டது. காளை போகட்டும். அது போட்ட பொட்டைங்க அத்தனையும் போகட்டும். வெள்ளிக்கிழமை இறைச்சிக்கூடத்து வண்டி வருது."

*

இங்கே பஞ்சத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பஞ்சம் எங்கள் மண்ணின் மேல் வந்து உட்கார்ந்து எழ மறுத்த காலம் அது. குட்டைகள் சேறாகி, சேறு ஓடாகி, ஓடு வெடித்தது. கிளாரி புல்டோசரை எடுத்துக்கொண்டு, வறட்சியிலும் இலை நிற்கும் முல்கா மரங்களைத் தள்ளினான். மாடுகள் இலையைத் தின்றன, பிறகு சுள்ளியைத் தின்றன. பருத்திக்கொட்டை லாரியில் வந்தது; எல்லா வாய்க்கும் போதாது. போதாத இடத்தில் யாருக்கு முதல், யாருக்குக் கடைசி என்பதை ஒருவன் தீர்மானித்தாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வளரும் எருதுகளுக்கு முதலில். ஈனும் நாள் நெருங்கி மடி கட்டிய பசுக்களுக்கு அடுத்து. நடுச்சினைப் பசுக்களுக்கு ஒன்றும் வேண்டாம். "உள்ளே இருக்கறது பூனைக்குட்டி அளவு. அது என்னத்தைத் தின்னுடப் போகுது?" என்று என் தகப்பன் சொன்னார், கிளாரியின் தகப்பன் சொன்னார், பெர்சி டோலனின் தகப்பனும் அதையே சொன்னார்.

எல்லோரும் சொல்லிவிட்டால் ஒரு சொல் உண்மையாகிவிடுமா? எல்லோரும் செய்துவிட்டால் ஒரு செயல் நியாயமாகிவிடுமா? ஆகிவிடும் என்றே நாங்கள் வாழ்ந்தோம். கத்தத் தெரிந்த வாய்க்குத் தீவனம், கத்தத் தெரியாத வாய்க்குத் தத்துவம்!

சினைப்பசுக்களை மேற்கு வேலிக்குள் விட்டிருந்தான் கிளாரி. எருதுகள் அதற்கும் அப்பால். ஆகவே தீவன லாரி தினமும் மேற்கு வேலிக்குள் நுழைந்து, சினைப்பசுக்களின் நடுவாகவே போய், அந்தப்புறக் கேட்டைத் திறந்து எருதுகளிடம் போகும். இயந்திரச் சத்தம் கேட்டதும் பசுக்கள் கேட்டுக்கு வரும். லாரி அவற்றின் மூக்கை உரசிக்கொண்டு கடந்து போகும். பருத்திக்கொட்டையின் வாசனை மட்டும் அவற்றின்மேல் இறங்கும். ஒரு குளிர்காலம் முழுக்க இது நடந்தது. பிறகு மடி கட்டியது. அப்போது அவற்றுக்கும் கொட்டினான். பிறகு மழை வந்தது. கன்றுகள் பச்சைப் புல்லில் விழுந்தன. பஞ்சம் முடிந்தது என்று நான்தான் ஒலிபெருக்கியில் சொன்னேன்.

ஒருத்திக்கு மட்டும் அது முடிவதற்குள் எல்லாமே முடிந்துவிட்டது. நோலா, மழைக்கு முந்திய வாரத்தில், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சின்ன மேய்ச்சலில், மாட்டுத் தீவனத்துக்கான கரும்புப் பாகு பீப்பாய்க்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் மருத்துவர்.

இறந்தவர்களின் நினைவாக வெற்று நாற்காலி ஒன்றாவது மிஞ்சும். நோலாவுக்கு அதுவும் மிஞ்சவில்லை. அவள் உட்கார்ந்து சாப்பிட்டதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆண்கள் தின்று எழுந்தபிறகு அடுப்பருகே நின்றபடி, சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்பாள். ஊரில் அதைப் பெருமையாகவே பேசினோம். "நோலா மாதிரி உண்டா!" என்றோம். ஒரு பெண்ணைப் பட்டினி போட்டுவிட்டு அவளுக்குப் புகழ்மாலை சூட்டுகிற கலை எங்களுக்குக் கைவந்த கலை.

*

புதன்கிழமை மெரின் தொலைபேசியில் கூப்பிட்டாள். "வின்ஸ், கத்தியெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க. வீட்டுக்கு ஒண்ணு அறுக்கணும்."

நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. கிளாரி சமையலறையில் மேசைமுன் உட்கார்ந்திருந்தான். வேகவைத்த உப்புக்கண்டம், உருளைக்கிழங்கு, சாம்பலில் சுட்ட ரொட்டி. எனக்கும் தட்டு வைத்தாள் மெரின். பிறகு அடுப்பருகே போய் நின்றுகொண்டு, சட்டியிலிருந்து நேராகக் கரண்டியால் தின்னத் தொடங்கினாள். நோலா நின்ற அதே இடம். தரைவிரிப்பு தேய்ந்து வெளுத்திருந்த அந்த இடத்திலேயே இரண்டு கால்களும் பதிந்திருந்தன. என் கை ரொட்டியோடு நடுவழியில் நின்றுவிட்டது.

"எதை அறுக்கப் போறோம்?" என்றேன்.

"டீச்சரோட மகனை" என்றாள் மெரின்.

கிளாரியின் கத்தி தட்டில் விழுந்தது.

டீச்சர் என்பது நோலா புட்டிப்பால் ஊட்டி வளர்த்த கிழட்டுப் பசு. தலையைத் தூக்கி எதிரில் இருப்பவனை, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்கும். அதனால் அந்தப் பெயர். அதையும் இன்னும் நாலைந்து கிழடுகளையும் பஞ்சத்தில் நோலா வீட்டுப் பின்னால் சின்ன மேய்ச்சலில் வைத்திருந்தாள். கொட்டகைத் தரையில் சிந்திய பருத்திக்கொட்டையைப் பெருக்கி எடுப்பாள். பீப்பாய் அடியில் ஒட்டிய பாகை வெந்நீர் ஊற்றிக் கழுவி எடுப்பாள். அவற்றுக்கும் அந்த ஆண்டு சினை. பிஷப்பின் சினைதான்.

"நோலாவோட மாட்டுல கை வைக்கக் கூடாது" என்றான் கிளாரி.

"அம்மாவோட மாட்டுல கை வைக்க மாட்டீங்க. அம்மா தேடிப் புடிச்ச காளையை மட்டும் வண்டி ஏத்துவீங்க. அப்படித்தானே?"

"அது வேற, இது வேற."

"எப்படிப்பா வேற? அப்பன் ஒருத்தன்தானே? அதே மழைக்குப் பொறந்ததுங்க. பால் மறந்ததுலேருந்து ஒரே வேலிக்குள்ள ஒரே புல்லைத் தின்னதுங்க. ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம். கண்காட்சிக்குப் போன மூணோட ஆத்தாளுங்க மேற்கு வேலியில நின்னுச்சுங்க. டீச்சர் அம்மா கையில தின்னுச்சு."

"பொறக்காத கன்னுக்கும் விருந்தா?"

"கால்நடைத் துறையிலேருந்து வந்தாளே அந்தப் பொண்ணு, அவ கூட்டத்துல சொன்னதைக் கேட்டேன். பூனைக்குட்டி அளவு இருக்கும்போதுதான் உள்ளே கொழுப்புக்கு இடமே போடுதாம். அப்ப இடம் போடலைன்னா, பின்னால மலையைத் தின்னாலும் உக்கார இடம் கிடையாது. முதுகு மேலதான் ஏறும்."

"அவ மாட்டைப் படத்துலதான் பார்த்திருப்பா."

"நீங்க நேர்ல பார்த்தீங்களே, தெனம் தெனம், லாரிக்குள்ள உக்காந்துகிட்டு. என்னப்பா தெரிஞ்சுது உங்களுக்கு?"

கிளாரி எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்தாமல் வெளியே நடந்தான்.

நான் மெரினைப் பார்த்தேன். அவள் கரண்டியை வழித்து நக்கிவிட்டு, "தின்னுங்க வின்ஸ், ஆறிடும்" என்றாள். பிறகு சட்டியைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கிழமை வண்டி வந்துட்டா எனக்கு இங்க ஒண்ணுமில்ல. ஓவனோட கேம்ப் வண்டியிலதான் புள்ளையைப் பெத்துக்கணும்."

*

கிளாரி லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அதே பழைய தீவன லாரி.

"ஏறு வின்ஸ். ஒண்ணு காட்டறேன்" என்றான்.

இயந்திரத்தைக் கிளப்பினான். அது இருமி, கனைத்து, உறுமியது. நாங்கள் மேற்கு வேலிக்குப் போனோம். புல் காய்ந்து பழுப்பேறி, ஆனால் லாரியின் கதவுயரத்துக்கு நின்றது. மாடுகள் தூரத்தில், மரங்களின் நிழலில், வயிறு நிறையப் படுத்திருந்தன. சத்தம் கேட்டதும் எழுந்தன. ஒவ்வொன்றாக, ஓசையில்லாமல், புல்லைப் பிளந்துகொண்டு நடந்து வந்தன. ஒரு கத்தல் இல்லை, முட்டல் இல்லை. கேட்டின் இரு பக்கமும் வந்து நின்று லாரியைப் பார்த்தன. காலடியில் புல் இருந்தது, ஒன்றும் குனியவில்லை.

"தெனமும் இப்படித்தான்" என்றான் கிளாரி. "புல்லு வந்து மூணு வருஷம் ஆச்சு. இந்த வண்டியைக் கிளப்பினா வந்து நின்னுடுதுங்க. வித்துடலாம்னு பார்த்தேன் இந்த லாரியை. வித்துட்டா மட்டும் சத்தம் போயிடுமா?"

"பழக்கம்தான் கிளாரி. மாடு மறக்காது."

"கிழடுங்க மறக்காது, சரி. அதோ பாரு, அந்த இளசுங்க. பிஷப்போட பொண்ணுங்க. முன்னால நிக்குதே, அதுங்க." அவன் விரலை நீட்டினான். "நான் கொட்டாமப் போனப்ப அதுங்க பொறக்கவே இல்லையே வின்ஸ். வயித்துக்குள்ளதானே இருந்துச்சுங்க. அதுங்களுக்கு எப்படித் தெரியும்?"

தாயைப் பார்த்துக் கன்று வருகிறது என்று நான் சொல்லியிருக்கலாம். அறிவுக்கு அதுதான் சரி. ஆனால் அந்த இளங்கிடாரிகளின் கண்களை நான் பார்த்தேன்.

"நோலாகிட்ட நான் கடைசியா என்ன பேசினேன் தெரியுமா?" என்றான் அவன், கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டு. "பீப்பாயை ஆட்டி ஆட்டிக் கழுவிக்கிட்டிருந்தா. எலும்பும் தோலுமா இருந்தா. 'கிழட்டு மாட்டுக்குப் பாகு ஊத்தறியே, உனக்கென்ன பைத்தியமா?'ன்னு கத்தினேன். அவ நிமிரக்கூட இல்ல. 'அதுக்கு இல்ல கிளாரி, உள்ள இருக்கறதுக்கு'ன்னா. நான் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப…"

அந்தச் சின்ன மேய்ச்சலுக்குள் கிளாரி அன்றிலிருந்து காலடி வைத்ததில்லை என்பது மாவட்டம் முழுக்கத் தெரியும்.

"அறுத்துப் பார்த்து, உள்ள வெள்ளை இருந்துச்சுன்னா," என்றான், "அவ சொன்னது சரின்னு ஆயிடும். நான் சொன்னது என்ன ஆகும்?"

"அறுக்காம விட்டா தப்பு சரியாயிடுமா?" என்றேன். "நீ காளையைத் தண்டிக்கலை கிளாரி. சாட்சியைத் தண்டிக்கிற."

பிறகு அவன் லாரியைத் திருப்பினான். "துப்பாக்கி எடுத்து வரேன்" என்றான்.

*

டீச்சரின் மகனை மெரின் முன்பே சின்ன மேய்ச்சலுக்குள் ஓட்டி வந்து அடைத்திருந்தாள்; வெளிச்சம் மங்குவதற்குள் முடித்தோம். ஒரே குண்டு, அது தலையைத் தூக்கிப் பார்த்த கணத்தில். கிளாரிதான் சுட்டான். சின்ன மேய்ச்சலின் கம்பிக்கு வெளியிலேயே நின்று சுட்டான். நான் தோலை உரித்தேன், மெரின் ஈரலையும் நாக்கையும் கழுவினாள். இரண்டு பாதியாகப் பிளந்து இறைச்சிக் கொட்டகையின் கம்பி வலைக்குள் தொங்கவிட்டோம். சூடு ஆறாத சதையில் எதுவும் தெரியாது. குளிர் ஏறினால்தான் கொழுப்பு உறைந்து வெளுக்கும். பனி இறங்கும் என்று வானம் சொன்னது. நான் அங்கேயே தங்கிவிட்டேன்.

காலையில் புல்மேல் உறைபனி உப்புபோல் படிந்திருந்தது. கொட்டகைக்கு மூவரும் போனோம். மெரின் தன் வயிற்றின்மேல் கையை வைத்திருந்தாள்; கிளாரி தொப்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான், தேவாலயத்தில் பிடிப்பதுபோல்.

விலா எலும்புகளை எண்ணி, அதே இடத்தில், கசாப்புக் கடையில் அறுத்த அதே இடத்தில் கத்தியை வைத்தேன். எத்தனை ஆயிரம் உடல்களைத் திறந்த கை இது! அன்று அது தயங்கியது. அறுத்தேன். சதையை விரித்தேன்.

வெள்ளை.

சிவப்புக்குள் வெள்ளை, நூல் நூலாக, கிளைகிளையாக. மழை பெய்த பிறகு எங்கள் வறண்ட நிலத்தில் ஆயிரம் ஓடைகள் பிரிந்து பாயுமே, மேலே விமானத்திலிருந்து பார்த்தால் அது எப்படி இருக்குமோ அப்படி. பஞ்சத்தின் நடுமத்தியில், தரையைப் பெருக்கி எடுத்த கொட்டையாலும் பீப்பாயைக் கழுவிய நீராலும் ஒருத்தி எழுதியிருந்த எழுத்து அது. எழுதியவள் மண்ணுக்குள் இருந்தாள். எழுத்து எங்கள் முன் தொங்கியது.

கிளாரி கையை நீட்டி ஒரு விரலால் அதைத் தொட்டான். குளிர்ந்திருந்த அந்தச் சதையின்மேல் விரல் வெகுநேரம் இருந்தது.

"ஒரு மாடு போதுமா சாட்சிக்கு?" என்றான் கடைசியில். வாதாடும் குரல் அல்ல. காலைப் பிடித்துக் கெஞ்சும் குரல்.

"போதாதுப்பா" என்றாள் மெரின். "ஒண்ணை வச்சு எதையும் சொல்ல முடியாது. ஆனா பாருங்க."

அவன் பார்த்தான். பிறகு வெளியே நடந்தான். சின்ன மேய்ச்சலின் கேட்டைத் திறந்தான். உள்ளே போனான். பீப்பாய் இன்னும் அங்கேயே, துருப்பிடித்து, சாய்ந்து கிடந்தது. டீச்சர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. அவன் அதன் எதிரில் நின்றான். கேள்விக்கு விடை தெரியாத பிள்ளையாகவே நின்றான்.

நாங்கள் சமையலறைக்குத் திரும்பினோம். மெரின் அந்தச் சதையில் மூன்று துண்டு வெட்டி இரும்புச் சட்டியில் போட்டாள். எண்ணெய் ஊற்றவில்லை, அது தன் நெய்யிலேயே சீறியது. அந்த மணத்துக்குக் கிளாரி உள்ளே வந்தான். அவன் துண்டைத் தட்டில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, அவள் அடுப்பருகே போய் நின்றாள்.

கிளாரி உட்காரவில்லை. தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பருகே, தரைவிரிப்பு தேய்ந்த அந்த இடத்தில் வைத்தான்.

"எனக்கு முதுகு வலிக்கலப்பா" என்றாள் மெரின்.

"நான் முதுகுக்குச் சொல்லல."

அவள் உட்கார்ந்தாள். முதல் துண்டை அவள்தான் தின்றாள். நாங்கள் இரண்டு பேரும் அடுப்பில் சாய்ந்து, நின்றபடி, ஆண்பிள்ளைகளாய்ப் பிறந்து முதல்முறையாகச் சட்டியிலிருந்து தின்றோம். உதட்டைச் சுட்டுக்கொண்டோம். "சட்டியில திங்கறதுக்கும் பழகணும் போலிருக்கே" என்றேன். மெரின் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள்.

வண்டி வேண்டாம் என்று கிளாரி தொலைபேசியில் சொன்னான். வைத்துவிட்டு, கையைத் தொலைபேசியிலிருந்து எடுக்காமலே கேட்டான்: "இந்தப் பொட்டைங்க? இதுங்களுக்கு உள்ள அந்தப் பசி இருக்குல்ல? இதுங்க சுமக்கறதுக்கு அது போகுமா மெரின்?"

"தெரியாதுப்பா."

"அந்தப் பொண்ணு, கால்நடைத் துறைப் பொண்ணு, அவளுக்குத் தெரியுமா?"

"அவங்களும் இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்களாம்."

*

அன்று பிற்பகலே கிளாரி லாரியில் பருத்திக்கொட்டை ஏற்றினான். நானும் ஏறிக்கொண்டேன். மேற்கு வேலியில் பிஷப்பின் மகள்களுக்கு நடுச்சினை. புல் உயரமாக நின்றது என்னவோ உண்மை. ஆனால் குளிர்காலத்தில் நின்று காய்ந்த புல், வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது. அது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். தெரிந்ததைச் செய்யாமலிருப்பதற்குப் பூனைக்குட்டி அளவு காரணம் போதுமானதாக இருந்தது.

எல்லை வேலியருகே பெர்சி டோலன் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். லாரியைப் பார்த்ததும் இடுக்கியைக் கீழே போட்டான்.

"ஏய் கிளாரி! கண்ணு அவிஞ்சு போச்சா? புல்லு உன் தொப்பி உயரத்துக்கு நிக்குது. இதுங்களுக்கு எதுக்குய்யா தீவனம்?"

கிளாரி லாரியை நிறுத்தினான். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"இதுங்களுக்கு இல்ல பெர்சி. உள்ள இருக்கறதுக்கு."

பெர்சி சிரிக்க வாயைத் திறந்தான். கிளாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவன் பண்ணையிலும் ஒரு மேற்கு வேலி உண்டு. எங்கள் மாவட்டத்தில் எந்தப் பண்ணையில்தான் இல்லை?

மாடுகள் வந்து நின்றிருந்தன. வழக்கம்போல், ஓசையில்லாமல், கேட்டின் இரு பக்கமும். நடுவில் லாரி போவதற்கு வழி விட்டிருந்தன. அந்த வழியைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது: தங்களைக் கடந்து போவதற்கு அவை இடம் விட்டுப் பழகியிருந்தன.

கிளாரி அந்த வழியின் நடுவே லாரியை நிறுத்தினான். இறங்கி, மூட்டைகளைக் கிழித்து, நீளமாகக் கொட்டினான். கொட்டிவிட்டு ஒதுங்கினான்.

ஒன்றும் அசையவில்லை. தீவனம் காலடியில் கிடந்தது. அவை லாரியையே பார்த்தன. அது எப்போது கிளம்பி அந்தப்புறக் கேட்டுக்குப் போகும் என்று காத்து நின்றன.

"தின்னுங்க" என்றான் கிளாரி. "உங்களுக்குத்தான். தின்னுங்களேன்."

காற்று காய்ந்த புல்லை உரசியது. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஏதோ புரிந்தவனாகக் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினான். இயந்திரம் நின்றது. சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, லாரியின் படியில் உட்கார்ந்தான். போகமாட்டேன் என்பதை மாட்டுக்கு வேறு எந்த மொழியில் சொல்வது?

வெயில் மரங்களின் இடுப்புக்கு இறங்கியபோது, முன்னால் நின்ற ஓர் இளங்கிடாரி, பஞ்சத்தைக் கண்ணால் பார்த்திராத கிடாரி, ஓர் அடி எடுத்து வைத்தது. குனிந்தது. முகர்ந்தது. நிமிர்ந்து லாரியை மறுபடி பார்த்தது. பிறகு தின்றது.

அதன்பின் மற்றவை வந்தன. மெல்லும் சத்தம் எழுந்தது. மெதுவாக, பரவலாக, தூறல் தொடங்குவதுபோல். கிளாரி முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த மேற்கு வேலிக்குள் அவன் ஒருநாளும் நின்று கேட்டிராத சத்தம் அது.